பாதியில் அறுந்த வாதம்

2022 ஜனவரி 18. லக்கிம்பூர் கேரி வழக்கில் ஜாமீன் மனுவை அலகாபாத் உயர் நீதிமன்றம் காணொலி வழியே விசாரித்துக்கொண்டிருந்தது. போராடிவிட்டுத் திரும்பிய விவசாயிகள் மீது காரை ஏற்றிக் கொன்றதாகச் சொல்லப்படும் வழக்கு. ஜாமீன் கேட்டவர் அப்போதைய ஒன்றிய இணையமைச்சரின் மகன். இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் இணைப்பு பாதியில் அறுந்துபோனது. மறுபடி கேளுங்கள் என்று போட்ட மனுவையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிப்ரவரி 10 அன்று ஜாமீன் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது. விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்டாக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது, 1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 40/34ஆம் தீர்மானத்தை.

பாதிக்கப்பட்டவரை மரியாதையாக நடத்து, வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல், கருத்தைக் கேள், இழப்பை ஈடுசெய் என்கிறது அந்தத் தீர்மானத்தில் உள்ள பிரகடனம். கையெழுத்திட்டுக் கட்டுப்படும் ஒப்பந்தம் அல்ல. மீறினால் எந்த நாட்டையும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனாலும் அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. குற்றவாளி அடையாளம் காணப்பட்டாரா, பிடிபட்டாரா, தண்டனை பெற்றாரா என்பதைப் பொறுத்தது அல்ல, ஒருவர் பாதிக்கப்பட்டவரா என்பது. நம் ஸ்டேஷன் வழக்கமோ நேர் எதிர். ‘ஆள் கிடைக்கல’ என்று கோப்பை மூடினால் புகார் கொடுத்தவரும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவார். ஆள் கிடைத்தாலும் புகார் கொடுத்தவர் அரசுத் தரப்பு சாட்சி மட்டும்தான். வாய்தாவுக்கு வாய்தா வந்து போவார். கேட்டால் மட்டும் பேசுவார்.

அந்த வரி இந்தியச் சட்டத்துக்குள் வர 24 ஆண்டுகள் ஆயின. 2009 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவின்படி, குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காதபோதும், பாதிக்கப்பட்டவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் புதிது. ‘என்னாச்சு சார்?’ என்று ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

லக்கிம்பூர் வழக்கில் 2023 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குடும்பங்களின் தரப்பு கடுமையாக எதிர்த்தது. இந்த முறை அந்த வாதத்தைக் கேட்ட பிறகுதான் கொடுத்தது.