கோட்டூர் மலைக்குப் போகும் வழி

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையை அறியாத வியாபாரி இவ்வட்டாரத்தில் இல்லை. ஆனால் அவ்வூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே எழும்பி நிற்கும் மலைகளில் கோட்டூர், ஏரிமலை, அலகட்டு என்று சில குடியிருப்புகள் இருப்பதையும், அவற்றுக்கு ஏறிச்செல்லக் கரடுமுரடான காட்டுவழி ஒன்று உண்டென்பதையும் வெளியுலகம் தேர்தல்தோறும், அதுவும் கழுதைகளின் தயவால்தான், ஞாபகப்படுத்திக்கொள்கிறது. வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றிச்செல்லும் படம் 2019-இலும் 2021-இலும் பத்திரிகைகளில் வெளியாயிற்று. தேர்தல் முடிந்தபின் அதே கழுதைகள் ரேஷன் அரிசியைச் சுமக்கும்போது படமெடுக்க எவரும் வருவதில்லை.

மலையேற்றத்தில் பிரியமுள்ளவர்க்கு இவ்வழி ஓர் அரிய விருந்து. ஊட்டியின் பசுமையை இங்கே தேடுகிறவர் ஏமாந்துபோவார். இது கோடையில் இலையுதிர்த்துப் பாறையும் முள்ளுமாய்ச் சிவந்து கிடந்து, முதல் மழைக்கு ஒரே வாரத்தில் உருமாறிவிடும் வறண்ட வனம். பருவத்தை உணர்ந்து, வனத்துறையின் அனுமதியோடும் ஊரார் துணையோடும் போகிறவர்க்கே அதன் அழகு புலப்படும்.

இந்த வனத்தைச் சுற்றிலும் அபிவிருத்தி நெருங்கிவருகிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்குச் செல்லும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக விரிகிறது. சாலையை ஒட்டி மனைகள் முளைக்கின்றன. இவ்வட்டாரக் காடுகளில் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயமும் அமைந்தது உண்மையே. ஆயினும் எல்லைக்கோடு யானைக்குத் தெரியுமா? 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, பயிர்க்காவலுக்காகச் சட்டவிரோதமாக இழுத்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண்யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அநாதைகளாயின.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆகையால் மலைமேல் சாலையே கூடாது என்று முடித்துவிடுவது எளிது. அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்குகிறவரிடம், பொழுதுபோக்குக்காக ஒரு நாள் ஏறிவிட்டு வீடு திரும்புகிறவன் பாதையின் பழமையைப் பற்றி உபதேசிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நெடுங்காலமாக அவர்கள் கேட்டுவருவது சாலை. அதைக் கேட்பது அவர்கள் உரிமை.

அச்சம் சாலையைப் பற்றியதன்று, சாலையைத் தொடர்ந்து ஏறுபவற்றைப் பற்றியது. ஏலகிரியில் முதலில் ஏறியது சாலை, பின்னர் ஏறியவை விடுதிகள். தருமபுரிக்கு அருகிலுள்ள வத்தல்மலைக்கும் சாலையும் பேருந்தும் வந்துவிட்டன. காப்பியும் மிளகும் விளையும் அந்த மலையில் இனி எது விளையப்போகிறதென்று பார்க்கவேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் முற்றிலும் ஊமையன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சாலை முதலிய பொதுவசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு வழங்க இடமளிக்கிறது. மூன்று மீட்டர் அகலச் சாலை மூன்றே கால் கிலோமீட்டர் ஓடினாலே ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டால், சட்டம் மனத்தில் கொண்டது ஆம்புலன்ஸும் ரேஷன் வண்டியும் போகத்தக்க ஒடுக்கமான சாலையையே, சுற்றுலாப் பேருந்துகளின் ஊர்வலத்தையன்று, என்பது விளங்கும்.

2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியோர் 23 பேர் பலியானபின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-இல் 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்து, மலைவாசிகளையே வழிகாட்டிகளாக நியமித்தது. கோட்டூர் வழிக்கும் அத்தகைய ஏற்பாடு பொருந்தும்: சாலை ஊராருக்கு, பழைய ஒற்றையடிப்பாதை நடப்பவர்க்கு, வழிகாட்டும் கூலி மலைமேலுள்ள வீடுகளுக்கு. இரவில் வெளியார் வண்டிகளை மறிக்கும் சோதனைச்சாவடியையும், பட்டா நிலம் விடுதிக்காரர் கைக்கு மாறாதபடி ஒரு தடையையும், அளவைக் கற்கள் நடப்படுவதற்கு முன்பே கிராம சபை தீர்மானமாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.