யூனியன்வில் கிராமத்துக்குக் கோச்சி வந்த கதை

ஸ்காபுரோவிலிருந்து வடக்கே ஸ்ரூவில் போகும் கோ ரெயினில் எங்களில் பலர் வேலைக்குப் போய் வருகிறோம். மார்க்கத்தில் உள்ள யூனியன்வில் கிராமத்தை அது கடக்கும்போது பெரும்பாலும் நித்திரையாக இருப்போம். ஆனால் அந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு.

1871இல் ரொறன்ரோ அன்ட் நிப்பிசிங் கம்பனி இதைப் போட்டது. அப்போது கனடாவின் பெரிய பாதைகள் 5 அடி 6 அங்குல அகலம். எங்கள் காங்கேசன்துறைப் பாதையும் அதே அகலந்தான்! ஜோர்ஜ் லெய்ட்லோ என்ற தானிய வியாபாரியோ 3 அடி 6 அங்குலம் போதும் என்றார். பாதை ஒடுங்கினால் மண்வேலை, பாலம், இஞ்சின் எல்லாவற்றிலும் செலவு குறையும். ரொறன்ரோவுக்குக் குளிர்காலத்தில் எரிக்க விறகு வேண்டும். காடு வடக்கே இருந்தது. வழியிலுள்ள ஊர்களும் வரிப்பணத்திலிருந்து உதவின. கோச்சி வராவிட்டால் தங்கள் கோதுமை சேற்றுப் பாதையில் வண்டிலில்தான் போகவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மலிவில் ஒரு வில்லங்கமும் இருந்தது. நகரத்துக்குள் போக, ஸ்காபுரோச் சந்தியிலிருந்து கிராண்ட் ட்ரங்க் பாதையின் நடுவே மூன்றாவது தண்டவாளம் போட்டார்கள். சாமான் வேறு பாதைக்குப் போவதென்றால் ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். தொழிற்சாலையில் சுமை தூக்கும் எங்கள் நாரிக்கு அது நன்றாக விளங்கும். 1880களின் தொடக்கத்தில் 4 அடி 8½ அங்குலமாக மாற்றினார்கள்.

கோ ரெயின் வந்தது 1982இல். 1991இல் தெற்கே புதிய நிலையம் திறந்தார்கள். 1871இல் கட்டிய மரக் கட்டடம் இப்போது சமூக மண்டபம். மெயின் வீதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள்.