மூடியைத் திறவாதீர்

கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் 'டக், டக்' என்று தட்டத் தொடங்கி, பத்து வருஷத்துப் புகைப்படங்களும் கடிதங்களும் கணக்குகளும் கண்ணெதிரே மறைந்துபோகிற சமயத்தில், அதை மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்கவேண்டுமென்றே எவருக்கும் கை துடிக்கும். அந்தக் கையை அடக்கி, உடனே மின்சாரத்தை நிறுத்துகிறவர் பாதிக் காரியத்தை முடித்தவராவார்.

ஏனெனில், அந்தப் பெட்டிக்குள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தட்டுகளின்மேல், அவற்றைத் தொடாமல், ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அவற்றில் சில பங்கே ஆன உயரத்தில், காற்றையே ஆதாரமாகக் கொண்டு மிதக்கிறது 'ஹெட்' என்னும் சிறு உறுப்பு. அந்த இடைவெளிக்குள் நம் வீட்டுத் தூசி ஒன்று புகுந்தால் பாறை புகுந்ததற்குச் சமானம். ஆகையால் மூடியின் திருகுகளைக் கழற்றும் உத்தேசமே வேண்டாம். அது, தூசி நீக்கிய அறையும் தக்க உபகரணங்களும் உடையவர்கள் செய்யவேண்டிய சஸ்திர சிகிச்சை. டிஸ்கை ஃபிரிஜ்ஜின் பனி அறையில் வைத்தெடுக்கும் பழைய கைவைத்தியமும் அபாயமே. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து, மிஞ்சியிருப்பதையும் கெடுத்துவிடக்கூடும்.

வீட்டில் செய்யத்தக்கது இல்லாமலில்லை. கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பார்க்கலாம். அடியிலுள்ள சர்க்யூட் போர்டை அதே மாதிரி வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்துவது பழைய டிஸ்குகளில் பலித்ததுண்டு. இப்போதுள்ளவற்றிலோ அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ஒரு சிப்பில் அடங்கியிருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்றிப் பற்றவைக்கத் தெரியாதவருக்கு அது வீண் பிரயத்தனம்.

டிஸ்க் சத்தமின்றிச் சுழன்று, கணினியும் அதை அடையாளம் கண்டு, சில இடங்களை மட்டும் வாசிக்க மறுக்கிறதென்றால் நம்பிக்கைக்கு இடமுண்டு. 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று திரை கேட்டால், வேண்டாமென்றே சொல்லவேண்டும். எதையும் பழுதுபார்க்க முற்படாமல், முழுவதையும் வேறொரு நல்ல டிஸ்குக்கு முதலில் பிரதி எடுப்பதே உத்தமம். லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள், எளிதில் கிடைக்கும் பகுதிகளையெல்லாம் முதலில் சேகரித்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துப் பின்னால் அவற்றுக்குத் திரும்புகிறது; குறிப்புக் கோப்பு இருக்குமானால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குப் பின்புதான் 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' முதலியவற்றின் வேலை. அதுவும் பிரதியின்மேல் மட்டுமே.

2003-இல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி விழுந்த இடிபாடுகளில், வெளிப்புறம் கருகி, உள்ளே தூசியும் புகுந்து கிடந்த ஒரு டிஸ்கிலிருந்து, ஸெனான் வாயுவைப் பற்றிய பரிசோதனைத் தகவல்களில் 99 சதவீதத்தை நிபுணர்கள் மீட்டார்கள். 2008-இல் அவ்வாராய்ச்சியின் முடிவுகள் பிரசுரமாயின. தீயில் வெந்ததற்கே அந்தக் கதி கிட்டியதென்றால், உங்கள் மேஜைமேல் மௌனமாகிவிட்ட டிஸ்கைக் குறித்து அவசரப்பட்டு நிராசை கொள்ளாதீர்கள். யாருடைய டிஸ்க் இன்னும் நன்றாக ஓடுகிறதோ, அவர்கள் இன்றிரவே மற்றொரு பிரதி எடுத்துவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.