காற்றாலை நம்முடையது, காப்புரிமை யாருடையது?

மன்னார் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளும் இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வாங்கி நிறுவியவை. தம்பபவனி என்ற பெயரில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 103.5 மெகாவாட். செய்து கொடுத்தது டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம்.

மன்னார் காற்றாலைகள் என்றதும் நிலம், பறவைகள், மீன்பிடி, வெள்ளம் என்றுதான் பேச்சுப் போகிறது. போகத்தான் வேண்டும். ஆனால் நான் பேச வந்தது அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் அறிவைப் பற்றி. ஓர் இயந்திரத்தை வாங்கியவர் அதை ஓட்டலாம், திருத்தலாம், விற்கலாம். காப்புரிமை உள்ள நாட்டில் அதே போல இன்னொன்றைச் செய்ய முடியாது. கட்டுப்படுத்தும் மென்பொருளின் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததே.

ஒப்பந்தம் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால், இந்தியாவிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜேர்மனியின் எனர்கான் நிறுவனம் 1994 இல் மும்பையின் மெஹ்ரா குடும்பத்துடன் சேர்ந்து எனர்கான் இந்தியாவைத் தொடங்கியது. பங்கு பின்னர் 56க்கு 44 ஆனது. தொழில்நுட்பம் தனியொரு ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. அதன் காலம் 2004 இல் முடிந்தது, தொழிலோ நிற்கவில்லை. 2006 செப்டம்பரில் புதிய உரிமத்துக்கான அடிப்படை அம்சங்களில் கையெழுத்திட்டார்கள். அத்தோடு உரிம ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்றது ஜேர்மன் தரப்பு. இல்லை, அது வெறும் வரைவு என்றது இந்தியத் தரப்பு.

பிறகு வழக்கு மேல் வழக்கு. எனர்கான் நிறுவனர் அலோய்ஸ் வொபனின் பெயரில் இருந்த காப்புரிமைகள் பலவற்றை, சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியம் 2010 இல் ரத்துச் செய்தது. எங்கே வழக்காடுவது என்பதே தனி வழக்கானது. வரைவில் இந்திய நடுவர் மன்றச் சட்டம் பொருந்தும் என்று இருந்தது. இடம் இலண்டன் என்றும் இருந்தது. மூன்றாவது நடுவரை யார் நியமிப்பது என்ற வரியையே காணோம்! 2014 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம்தான் அந்த வரியை நிரப்பியது. இலண்டன் கூடிப் பேசும் இடம் மட்டுமே, நடுவர் மன்றத்தின் சட்டபூர்வ இருக்கை இந்தியா என்றும் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்ற மூலக் கேள்வி நடுவர்களிடமே விடப்பட்டது.

என் கருத்தில், காலாவதியான பிறகும் பழைய பழக்கத்தில் தொழில் நடத்தியதுதான் இதில் பெரிய ஆபத்து. உரிமம் முடிந்த மறுநாள் கையிருப்பும் அச்சுகளும் வரைபடங்களும் என்ன ஆகும் என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். டென்மார்க்கில் பெற்ற உரிமை தானாகவே இங்கே செல்லாது. உரிமம் என்று பணம் கொடுக்குமுன், அது இங்கே வழங்கப்பட்டிருக்கிறதா என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பார்க்கலாம்.

மன்னாரில் இது இன்னும் கிட்டத்தில் தொடும் இடம் வேறு. கடலுப்பு இரும்பை அரிக்கும் கரை இது. பராமரிப்புக்குச் சேரும் உள்ளூர் இளம் பொறியியலாளர் ஒருவர் நாளை அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார் என்று வையுங்கள். அவருடைய வேலை ஒப்பந்தத்தைச் செய்யும்போது பிறந்த கண்டுபிடிப்பு என்றால், வேறு விதமாக எழுதப்படாதவரை அது தொழில்தருநருக்கே சேரும். உரிமம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், மேம்பாடுகள் எல்லாம் தனக்கே என்று ஒரு வரி போட்டிருந்தால் அங்கிருந்தும் அது போய்விடும். எதிர்பார்த்ததை விட மிக அதிகப் பெறுமதி வந்தால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நியமனக் கடிதத்தில் சம்பளத்துக்குக் கீழே உள்ள பந்திகளையும் வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள்.