சாந்தோம்: ஒரு கல்லறையும் அதன்மேல் எழுந்த ஆலயங்களும்

போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி இரயில் 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தொடங்கப்பெற்றது. அதனால் தலைநகர்ப் பயணம் நம் குடும்பங்களுக்கு எளிதாயிற்று. அங்குச் செல்வோர் கடற்கரையருகே வெண்ணிறமாய் உயர்ந்து நிற்கும் சாந்தோம் பேராலயத்தைக் கண்டு, வணங்கி, படமும் எடுத்துத் திரும்புகின்றனர். நாம் கண்டது எதனை என்பதையும் சற்றே சிந்திப்போம்.

மலையின் மணமும் மயிலையும்

நம் மலைத்தொடருக்கும் அப்பேராலயத்திற்கும் தொலைவான ஓர் உறவு உண்டு. மேற்கு மலைகளின் மிளகையும் நறுமணப் பொருள்களையும் நாடியே யவனர் கலங்கள் முசிறித் துறைக்கு வந்தன. சங்கப் புலவரும் அவற்றைப் பாடியுள்ளனர். அந்த வணிக வழியிலேயே திருத்தூதர் தோமையார் கி.பி. 52-இல் சேரநாட்டுக் கரையில் இறங்கினார் என்பது நம் முன்னோர் காத்துவந்த மரபு. பின்னர் அவர் கீழைக் கடற்கரைக்கு வந்து போதித்து, கி.பி. 72-இல் ஈட்டியால் குத்துண்டு மறைசாட்சியாகி, மயிலையில் அடக்கமானார் என்றும் அம்மரபு கூறுகிறது.

எலும்புகள் அகன்ற இடம்

வாசகர் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. தோமையாரின் திருப்பண்டங்களுள் பெரும்பகுதி பண்டைக் காலத்திலேயே எதேசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பிறகு கியோஸ் தீவை அடைந்து, 1258-இல் இத்தாலி நாட்டு ஒர்த்தோனா நகரைச் சேர்ந்தது.

ஆயினும் மயிலைக்கு வந்த மக்கள் நின்றுவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, கிறிஸ்தவரும் இசுலாமியரும் அத்தலத்தைப் போற்றியதைக் குறிப்பிடுகிறார். அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று, நீரில் கரைத்துக் காய்ச்சல் கண்டோர்க்குக் கொடுத்ததாகவும் எழுதுகிறார். எலும்புகள் அகன்றபின்னும் மண் எஞ்சியிருந்தது. மண்ணோடு நினைவும் எஞ்சியிருந்தது.

இடித்தலும் எடுத்தலும்

போர்த்துக்கீசியர் வந்தபோது, பழைய வழிபாட்டிடம் பாழடைந்து கிடந்தது. 1523-இல் அவர்கள் கல்லறையைத் தோண்டி ஆராய்ந்து, அவ்விடத்தில் ஆலயம் எழுப்பினர். 1545-இல் புனித சவேரியார் சில திங்கள் மயிலையில் தங்கிச் செபித்தார். 1606-இல் மயிலை தனி மறைமாவட்டமாயிற்று.

அந்தப் போர்த்துக்கீசிய ஆலயம் 1893-இல் இடிக்கப்பட்டது. ஆயர் என்றிக்கே ரீட் த சில்வா காலத்தில், பொறியாளர் கேப்டன் பவர் அவர்களின் திட்டப்படி இன்றைய ஆலயம் எழுந்து, 1896-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. கூர்நுனி வளைவுகளும் நெடிய சாளரங்களும் கொண்ட கோத்திக் பாணியில் அமைந்தது இது. ஏறிச் செல்லும் கோடுகளால் காண்பவர் பார்வையை மேல்நோக்கி ஈர்ப்பது இப்பாணியின் இயல்பு. மணிக்கோபுரம் 155 அடி உயரமுடையது.

எனினும் இவ்வாலயத்தின் உட்பொருளை உரைப்பது மற்றொரு சிறிய கோபுரம். அது வாயிலருகே நில்லாமல், கல்லறை அமைந்த இடத்திற்கு நேர்மேலே நிற்கிறது. அழகுக்காக அமைத்த கோபுரமன்று. இங்கேதான் என்று சுட்டும் விரல் அது. 1956-இல் இவ்வாலயம் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அக்கல்லறையருகே செபித்தார். ஆலயத்தின் அடியிலுள்ள கல்லறைச் சிற்றாலயம் 2004-இல் புதுப்பிக்கப்பட்டது. இன்று தனி வாயில் வழியே அங்கு இறங்கிச் செல்லலாம்.

நமக்குரிய பாடம்

நம் ஊர்களிலும் பழைய ஆலயம் சிறிதாயிற்று, இடித்துப் பெரிதாகக் கட்டுவோம் என்ற பேச்சு எழுவதுண்டு. கட்டுவது தவறன்று, சாந்தோமிலும் இடித்தே கட்டினர். ஆனால் கட்டியோர் எந்தப் புள்ளியை மறக்கலாகாது என்பதை முதலில் தீர்மானித்துக் கொண்டனர். நாமும் கோபுரத்தின் உயரத்தைப் பேசுமுன், இவ்விடத்தில் முதலில் முழங்காலிட்டவர் யார், அவர்கள் எங்கே துயில்கின்றனர் என்று கேட்போமாக. ஏலத்தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த நம் பாட்டன் பாட்டியரின் கல்லறைகளில் பெயர்கள் மழையில் கரைந்து வருகின்றன. அவற்றைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட இன்னும் காலம் இருக்கிறது.

தோமையார் காணாமல் நம்பத் தயங்கியவர். அவரது எலும்புகளைக் காணாமலே நூற்றாண்டுகளாக மக்கள் அவர் கல்லறையில் நம்பிக்கையோடு நின்றிருக்கின்றனர். ஜூலை 3-ஆம் நாள் அவரது திருநாளைக் கொண்டாடும்போது இதனை நினைவுகூர்வோம்.