வண்ண மீன் வளர்ப்பில் முதல் ஒரு திங்கள்

சிற்றூர்களில் வீட்டுப் புறக்கடையிலேயே நடத்தக்கூடிய துணைத் தொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்றாகும். இதற்குப் பரந்த நிலம் வேண்டுவதில்லை; வீட்டு வேலைகளுக்கிடையே கவனித்துக்கொள்ளலாம். சென்னைக் கொளத்தூரில் இத்தொழில் பல குடும்பங்களை வாழவைத்து வருவதை நாம் அறிவோம். 2020ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கென மகளிர்க்கு 60 விழுக்காடு மானியம் வகுக்கப்பெற்றது. எனினும், மானியமும் கடனும் தொட்டியைக் கட்டித் தருமேயன்றி மீனைக் காத்துத் தாரா.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர் குழுவினர் கடன் பெற்று, சிமெண்டுத் தொட்டிகள் கட்டினர். கட்டி முடிந்த ஐந்தாம் நாளே மீன்கள் விடப்பெற்றன. அவ்விழாவில் நாமும் கலந்துகொண்டு வாழ்த்துரை வழங்கினோம். பத்து நாட்களுக்குள் பெரும்பாலான மீன்கள் மடிந்தன. மீன் போயிற்று, கடன் நின்றது. ஏதோ நோய் வந்ததென்றே குழுவினர் எண்ணினர். உண்மையில் அது நோயன்று, அவசரமே. விழாவுக்கு நாள் குறித்த நம்மையும் அக்குறை சாரும். அதனின்று நாம் கற்றவற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

முதலாவது, தொட்டியைப் பதப்படுத்துதல். புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்து, காரத் தன்மையை மிகுவிக்கும். ஆகவே தொட்டியில் நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டுச் சில நாட்கள் ஊறவைத்துக் கொட்டிவிடுதல் வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்து, நன்கு கழுவியபின் புது நீர் நிரப்பலாம். ஊராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பின், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துதல் நன்று.

இரண்டாவது, நீரைப் பழக்குதல். மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. நீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அத்துணைத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா தேங்கி நிற்கும். காரம் மிகுந்த நீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமையாகும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லைக் கொணர்ந்து இட்டால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். தொடக்கத்தில் நான்கைந்து கப்பி மீன்களை மட்டும் விட்டு, நீர் பழகியபின் படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்டுதலே அறிவுடைமை.

மூன்றாவது, மீனை விடும் முறை. வாங்கி வந்த பையை அவிழ்க்காமல், நிழலில் தொட்டி நீரின் மீது 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுக. இரு நீரின் வெப்பமும் ஒத்தபின், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் கலந்து மேலும் கால்மணி நேரம் பொறுத்திடுக. பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. காலையோ மாலையோ விடுதல் தக்கது, நண்பகல் ஆகாது. பின்னாளில் வாங்கும் மீன்களை இரண்டு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை எனக் கண்டபின் சேர்த்தல் வேண்டும்.

நான்காவது, உணவூட்டல். அன்பு மிகுதியால் நேரும் கேடு இங்கேதான். வந்த முதல் நாள் இரை இடாதிருத்தலே நலம். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியால் சாவதில்லை. மறுநாள் முதல், ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே காலையும் மாலையும் இடுக. தவிடும் நிலக்கடலைப் பிண்ணாக்கும் கலந்து பொடித்த இரை போதும். இடையிடையே கொசுப்புழுக்களையும் கொடுக்கலாம். மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தால் உடனே இரையை நிறுத்தி, நீரில் கால் பங்கை அகற்றி, ஆறவைத்த புது நீரை ஊற்றுக. முழு நீரையும் ஒருங்கே மாற்றுதல் மீனுக்குப் பேரதிர்ச்சியாகும்.

நிலைபெற்ற கப்பி மீன் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். தாய் மீனே குஞ்சுகளைத் தின்றுவிடுமாதலின், அவை ஒளிந்துகொள்ளப் பாசிக் கொடிகளை இட்டுவைக்க வேண்டும். விலை போகாத மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடுதல் கூடாது. தொட்டியைத் தூய்மை செய்யுமென வாங்கப்பெற்ற சக்கர் மீன், நம் நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களுக்கு இடையூறாகியிருப்பது இதற்குச் சான்று.

முன்கூறிய குழுவினர் மீண்டும் முயன்றனர். இம்முறை நாம் நாள் குறிக்கவில்லை. நீர் பழகும்வரை அவர்கள் காத்திருந்தனர். அதே தொட்டிகளில் இன்று குஞ்சுகள் நீந்துகின்றன. இத்தொழிலில் ஈடுபட விழையும் சகோதரிகள் முதலில் நீரை வளர்ப்பார்களாக; நீர் மீனை வளர்க்கும்.