திடலும் தீர்ப்பும் – 9: ஒன்பது பேரும் பத்துப் பேரும்

பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் விளையாட்டு என்றால் முதலில் காற்பந்துதான். சாஃப்ட்பால் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில்தான் அறிமுகமாகிறது. மாவட்டம், மாநிலம், பிறகு எம்.எஸ்.எஸ்.எம். (மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம்) என்று ஏறும் பள்ளிப் போட்டிகளில் அதுவும் ஒன்று. இரண்டு ஆட்டத்திலும் நடுவரோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. அப்படி நிற்பவரை வெளியே அனுப்பினால் சாஃப்ட்பாலில் பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர் உள்ளே வருவார். ஒன்பது பேர் ஒன்பது பேராகவே ஆடுவார்கள். காற்பந்தில் பதினொருவர் பத்துப் பேராகி, மிச்ச நேரம் முழுக்க அந்தக் குறையோடு ஓட வேண்டும். வாய்த்துடுக்கு ஒருவருடையது, சுமப்பவர்கள் பத்துப் பேர். காற்பந்து நடுவர் சிவப்பு அட்டையை எடுக்கத் தயங்குவதற்கு இதுவே மூலகாரணம் என்பது என் கருத்து. அந்தத் தயக்கம்தான் கைகலப்புக்கு வழிவிடுகிறது.

சாஃப்ட்பால் நடுவரின் வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மகளிர் ஆட்டத்தில் பந்து வீசுபவருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடிதான். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேரும் பந்து ஸ்டிரைக்கா பாலா என்று, கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்பவர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். அத்தனை தீர்ப்புக்கும் வாதாட இடம் கொடுத்தால் ஆட்டம் நகராது. அதனால் விதியே ஒரு கோடு கிழித்திருக்கிறது: விதியைத் தப்பாகப் பயன்படுத்தினார் என்று பயிற்றுநர் முறையிடலாம், பந்து எங்கே வந்தது, ஓடியவர் அவுட்டா என்று கண்ணால் கண்டு சொன்ன தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது. தேர்ந்த நடுவர் இந்தக் கோட்டில் உறுதியாக நிற்பார். மட்டையைத் தரையில் குத்தி முணுமுணுக்கும் பெண்ணிடம் உடனே பேச்சுக் கொடுக்க மாட்டார். ‘டைம்’ சொல்லிவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து, சிறு தூரிகையால் பிளேட்டில் படிந்த மண்ணைத் துடைப்பார். பிளேட் ஏற்கெனவே சுத்தமாக இருந்தாலும் துடைப்பார். அதற்குள் அவள் மூச்சு சீராகிவிடும். அடங்காவிட்டால் தாழ்ந்த குரலில் ஓர் எச்சரிக்கை. அதையும் மீறினால் வெளியேற்றம். வசைபாடினாலோ கை ஓங்கினாலோ இந்தப் படிகள் எதுவும் இல்லை, நேரே வெளியேற்றம்தான். மாற்று ஆள் இருக்கும்வரை அணி குறைபடாது என்பதால் அவர் கலங்காமல் முடிவெடுக்கலாம்.

காற்பந்துக்கு வருவோம். 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில், இங்கிலாந்தோடு மோதிய அர்ஜென்டினாவின் அணித்தலைவர் ரத்தினை ஜெர்மன் நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரத்தின் திடலை விட்டு நகர நீண்ட நேரம் பிடித்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்தின் முன்னாள் நடுவர் கென் ஆஸ்டன், சாலை விளக்கின் நிறங்களைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அவை வந்துவிட்டன. 1974-இல் போலந்து – ஹைட்டி ஆட்டத்தை நடத்திய சிங்கப்பூர் நடுவர் கோவிந்தசாமி சுப்பையாவின் பையிலும் அவை இருந்தன என்பது நமக்குப் பெருமை. மலாய், தமிழ், சீனம் மூன்றும் ஒலிக்கும் கெடா திடலுக்கு அட்டையைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஆனால் அட்டை மொழிச் சிக்கலை மட்டுமே தீர்த்தது. மஞ்சள் பலருக்கு உறைப்பதில்லை, சிவப்போ அணியையே அழுத்துகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இல்லை.

அந்த நடுப்படியை இங்கிலாந்தின் அடிமட்ட லீக்குகள் சோதித்துப் பார்த்தன. நடுவரை எதிர்த்துப் பேசியவர் 10 நிமிடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். 31 லீக்குகளில் எதிர்ப்புப் பேச்சு 38 விழுக்காடு குறைந்ததாக அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் கணக்குக் காட்டி, 2019-20 பருவத்தில் அடிமட்ட ஆட்டங்களுக்கு அதை விரிவாக்கியது. தேசியச் சங்கம் இசைந்தால், இளையோர், மூத்தோர், அடிமட்ட ஆட்டங்களில் இப்படிச் செய்ய விதிப்புத்தகமும் இடம் தருகிறது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கிண்ணப் போட்டி நடத்துபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோட்டத்தை விட்டு வந்து நகரோரத்தில் தடுமாறும் பையன்களைத் திடலிலிருந்தும் துரத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான், எனக்கும் அது உண்டு. ஆனால் 20-ஆவது நிமிடத்தில் வாய்ப்பேச்சுக்காகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டியவன், யாரும் தடுக்காததால் 80-ஆவது நிமிடத்தில் கை நீட்டினால் நீண்ட தடை வாங்கிக்கொண்டு போவான். அவனைத் திடலை விட்டுத் துரத்தியது நடுவரின் அந்தப் பொறுமைதான். நடுவரே தப்புச் செய்தால்? செய்வார், அவரும் மனிதர். அதற்குத்தான் அணித்தலைவர் ஒருவர் மட்டும் பக்குவமாகக் கேட்கும் ஏற்பாடு. 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் அதைக் கண்டோம். நடுவர் பையனின் மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பதுதான் நம் ஊர்ச் சிக்கல். இன்று வெளியேற்றினால் நாளை கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். பத்து நிமிடத் தண்டனையென்றால் அந்த உறவும் தாங்கும்.

முழுதாக வெளியேற்றும்போது எல்லாம் அறிக்கையில் நிற்கிறது. ‘ஒழுங்கீனமாக நடந்தார்’ என்று எழுதினால் ஒழுங்குக்குழு எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த நிமிடம், எவ்வளவு தூரத்தில் நின்று, யாரைப் பார்த்து, என்ன சொல் என்று எழுத வேண்டும். அறிக்கை மலாயில் இருந்தாலும், தமிழில் விழுந்த வசையைத் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் பொருளைக் குறிக்க வேண்டும். ‘கெட்ட வார்த்தை’ என்று மூடி எழுதுவது திட்டு வாங்கியவருக்கும் உதவாது, திட்டவே இல்லை என்று சாதிக்கும் பையனுக்கும் உதவாது.